அடக்குவதும் பழக்குவதும்

எங்கள் வீட்டு நாய்க்கு மணி என்று பேர். பேர் வைத்தது என் மகள். பள்ளிக்கூடம் போகிற வழியில் சாக்கடை ஓரம் கிடந்த குட்டியைப் பாவாடையில் சுற்றி எடுத்து வந்தாள். செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ‘சாதி நாயா?’ என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். ‘சாதியில்லாத நாயி’ என்று சொல்லச் சொல்லி மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாய்க்குக்கூட நம்மூர்க்காரன் சாதி பார்த்துத்தான் மரியாதை வைக்கிறான். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்றால் வாயைப் பிளக்கிறான். ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால்தலையே வெளியிட்டார்கள். குப்பைமேட்டில் பிறந்ததுக்குப் பேரு வெறும் நாயிதான்.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூருக்கு வெளியே, வாரியம் கட்டிக் கொடுத்த அடுக்கு வீட்டில். நான் பட்டறையில் லேத்து ஓட்டுகிறேன். வீட்டுக்காரி தூய்மைப் பணியாளர், விடிய அஞ்சு மணிக்கே கிளம்பிவிடுவாள். அய்யனுக்கு 78 வயசு. முன்னாலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு வருகிற போகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாலு பிளாக்குக்கும் நடுவில் ஒரு பொட்டல் இருக்கிறது. பொழுதோட அஞ்சு மணியானால் முப்பது பிள்ளைகளாவது அங்கே இறங்கிவிடும். ஒரு பக்கம் கிரிக்கெட், ஒரு பக்கம் நொண்டி, குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் பிடிக்கிற ஆட்டம். கத்தல் மூணாவது மாடி வரைக்கும் கேட்கும்.

மணிக்கு அந்தக் கத்தலைக் கேட்டால் போதும், ஆள் மாறிவிடும். ஓடுகிற பிள்ளை பின்னாலேயே ஓடும். பந்தைப் பிடுங்கும். பாவாடையைக் கடித்து இழுக்கும். முன்னங்காலைத் தூக்கி மேலே விழும். கோபமெல்லாம் இல்லை, வாலை ஆட்டிக்கொண்டேதான் செய்யும். ஆனால் அதுக்கு ஏழு மாசம், அஞ்சு வயசுப் பையனைக் கீழே தள்ளுகிற பலம் வந்துவிட்டது. பிள்ளை பயந்து கத்தினால் அதுக்கு இன்னும் குஷி.

2025 ஜூலை கடைசியில், ஆடிக் காத்து அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மூணாவது பிளாக்குப் பையனை அது தள்ளிவிட்டது. முழங்கை தேய்ந்து ரத்தம். கெண்டைக்காலில் நகக்கீறல். அவன் அம்மா பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். “வளர்க்கத் தெரியாதவங்களுக்கு எதுக்குங் நாயி? நாளைக்குக் கொதவளையக் கடிச்சா நீங்க திருப்பித் தருவீங்களா?” அந்தம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பின்னாலேயே பையன்கள் நாலு பேர் வந்து, மாநகராட்சி வண்டிக்குச் சொல்லிவிடப் போகிறோம் என்றார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூலையில் கிடந்த கோலை எடுத்தேன். மணி கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. கோலை ஓங்கினதும் அது மல்லாந்து வயித்தைக் காட்டியது. அப்படியே ஒண்ணுக்கும் போய்விட்டது. கட்டிலுக்கு மேலே உட்கார்ந்திருந்த அய்யன் சொன்னார்: “கண்ணு, கோலக் கீழ போடு. நீ அடிச்சா அது கம்முனு இருக்கும். எதுக்குக் கம்முனு இருக்குதுன்னு உனக்கும் எனக்கும் தெரியாதா?”

கை இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது என்று சொல்ல, நாற்பது வருசம் பின்னால் போக வேண்டும்.

அன்னூருக்கும் அவினாசிக்கும் நடுவில் ஒரு ஊர். எங்கள் சனம் அருந்ததியர். ஊர்க்காரர்கள் கூப்பிடுகிற பேர் வேறு. அய்யன் ஒம்பது வயசில் ஆடு மேய்க்கத் தோட்டத்துக்குப் போனவர். வருசத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்று பேச்சு. அப்பாரு வாங்கின கடனுக்கு அதுவும் கழிந்துபோகும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. 1984லும் அய்யன் அதே தோட்டத்தில்தான் பண்ணையத்தாளாக இருந்தார். சட்டம் வந்ததை எங்கள் வளவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தோட்டத்துச் சாளையில் ரெண்டு நாய் கட்டிக் கிடக்கும். கவுண்டர் வீட்டு உறவுக்காரன் மோட்டார் வண்டியில் முதல்தடவை வந்தால்கூட அதுகள் வாலாட்டும். தினம் கஞ்சி ஊத்துகிற எங்கள் ஆத்தா வேலி ஓரம் விறகு பொறுக்கினால் குரைத்துக்கொண்டு வரும். கட்டை அவிழ்த்துவிட்டு ‘சூ’ காட்டினால் மேலேயே பாயும். நாய்க்குச் சாதி தெரியுமா என்று சின்ன வயசில் யோசிப்பேன். தெரியாது. சொல்லிக் கொடுத்தால் தெரிந்துகொள்ளும். யாரைக் கண்டால் எசமான் முகம் சுளிக்கிறான், யாரைத் துரத்தினால் சோத்து உருண்டை விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் படித்துக்கொள்ளும். நாய்க்கு முன்னால் அந்தப் பாடத்தைப் படித்தவன் மனுசன்.

நம் தலைவர்கள் நாயைச் சொல்லித்தான் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றின தெருவில் நாய் நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. 1924ல் நம் ஈரோட்டுக்காரர் அங்கே போய்ச் சிறையிருந்தார். மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணியை ஆடுமாடு குடிக்கலாம், மகர் குடிக்கக் கூடாது. 1927 மார்ச் 20ல் அம்பேத்கர் இறங்கிக் குடித்தார். நாயைவிடக் கீழே வைத்தார்கள் என்று நாம் சொல்கிறபோது நாய் மேல் நமக்குக் கோபம் வருவது சகஜம். ஆனால் நாய் என்ன செய்யும்? அது யாரையும் கீழே வைத்ததில்லை.

1984ல் எனக்குப் பத்து வயசு. அப்போது எங்களிடம் செவலையன் என்று ஒரு குட்டி இருந்தது. வத்திப்போன குளத்தில் ஞாயித்துக்கிழமை மேலத் தெருப் பையன்கள் பந்து விளையாடுவார்கள். நாங்கள் கரைமேல் நிற்போம். பந்து முள்ளுக்குள் போனால் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான் எங்களுக்கு ஆட்டம். கரைக்கும் குளத்துக்கும் நடுவில் இருக்கிற கோடு எனக்குத் தெரியும். செவலையனுக்குத் தெரியாது. பந்து உருள்வதைப் பார்த்ததும் பாய்ந்து இறங்கிவிட்டது. தோட்டத்துக்காரர் பேரன் மேல் தாவி, அவன் விழுந்து, காலில் ஒரு கீறல். பையனைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதே வருசம் தோட்டத்து நாய் எங்கள் வளவுப் பையன் தொடையைக் கவ்வியது. அவனுக்கு மொளகாப்பொடியும் சுண்ணாம்பும்தான் வைத்தியம். பிழைத்தது அவன் அதிர்ஷ்டம்.

அன்னைக்குச் சாயங்காலம் அய்யனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். அய்யன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தாவாரத்துக்குக் கீழே நின்றார். “வளவு நாயிக்கு அத்தன கொழுப்பா? வெடிஞ்சா அது உசுரோட இருக்கப்படாது. நீயே முடிச்சுப்போட்டு வந்து சொல்லு.” அய்யன் சொன்னது ஒரே வார்த்தை: “ஆகட்டுங் சாமி.”

ராத்திரி செவலையனைக் கயித்தில் பிடித்துக்கொண்டு போனார். விடியக்காலம் வெறும் கயித்தோடு வந்தார். நான் பல நாள் அவரோடு பேசவில்லை. எனக்குக் கலியாணமாகிப் பல வருசம் கழித்துத்தான் சொன்னார். நாயை எட்டு மைல் நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் அத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தாராம். “உன்கிட்டச் சொல்லியிருந்தா, சந்தோசத்துல நீ யாருகிட்டயாவது உளறியிருப்ப. பண்ணாடிகிட்ட நான் சொன்ன மொதப் பொய் அது” என்றார். 2018ல் பரியேறும் பெருமாள் படம் வந்தபோது கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டுகிற இடத்தில் அய்யன் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் எதை நினைத்து எழுந்தார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

கோலைக் கீழே போட்டேன். ஆனால் கேள்வி அப்படியே நின்றது. நாயை விடவும் முடியாது. பிள்ளைகளை விளையாட வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நம் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட ஒரு பொட்டல் கிடைத்ததே இந்தத் தலைமுறையில்தான். அதை நாய்க்காகப் பிடுங்க எனக்கு மனசு வராது.

முதல் வேலையாகக் கீறலைச் சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கால்மணி நேரம் கழுவினோம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கவில்லை. மணிக்கு அரசுக் கால்நடை மருத்துவமனையில் வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தது. இருந்தாலும் பையனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். நகக்கீறல்தானே என்று விடக்கூடாது. நாய் காலை நக்குகிற ஜந்து, எச்சில் நகத்திலும் இருக்கும். வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பே கிடையாது. வராமல் தடுக்க மட்டும்தான் முடியும். வெறிநாய் என்று சந்தேகப்படுகிற விலங்கிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயசுக்குக் கீழான பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அய்யன் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஊசிக்குப் பயந்தே வளவுச்சனம் கடியை மறைத்துவிடும். இத்தனைக்கும் நம் தலைக்கு மேலே குன்னூர் மலையில் 1907லிருந்தே அதுக்கென்று பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அந்தப் பழைய ஊசி 2000களின் நடுவிலேயே நின்றுபோனது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், காசும் இல்லை. அன்றைக்கு ஒன்று, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நாலு தடவையும் நானே கூட்டிப்போகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். பட்டறையில் நாலு அரைநாள் சம்பளம் போயிற்று. அந்த இருபத்தெட்டு நாள்தான் மணிக்கும் பள்ளிக்கூடம். வாத்தியார் அய்யன்.

அய்யனுக்கு இது புது வேலை இல்லை. பட்டியில் வெள்ளாட்டுக்குட்டிகள் துள்ளுகிறபோது காவல் நாய்க்குட்டிக்கும் இதே கிறுக்குப் பிடிக்குமாம். “குட்டி துள்ளுனா நாயும் துள்ளும். அது நாயோட தப்பில்ல, வயசு. அதுக்கு அடிச்சா, நீ இருக்கறப்ப ஒழுங்கா இருக்கும். நீ அக்கட்டால போனதும் குட்டியோட காதக் கடிச்சுப்போடும். படலுக்கு வெளிய கட்டிப்போட்டு, பக்கத்துல நீயும் உக்காரோணும். பாத்துப் பாத்து அதுக்குச் சலிச்சுப்போகோணும்.” கால்நடை மருத்துவரம்மாவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஆறு மாசத்திலிருந்து ஒண்ணரை வருசம் வரைக்கும் நாய்க்கு விடலைப் பருவம், சொன்ன பேச்சைக் கேட்காது, பிறகு தெளியும் என்றார். “உறுமறதுக்கு அடிச்சீங்கன்னா, அடுத்த தடவ உறுமாமலே கடிக்கும்” என்றும் சொன்னார்.

நாலரை மணிக்கு, பிள்ளைகள் இறங்குகிறதுக்கு முன்னாலேயே, மகள் மணியைக் கயித்தில் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் போவாள். ஓடவிடுவதில்லை. மோந்து மோந்து நடக்கவிட வேண்டும் என்பது அய்யன் கட்டளை. ஓட்டம் நாயைக் கிளப்பிவிடும், மோப்பம் அமர்த்தும் என்பார். அரைமணி நேரம் புல்லையும் கல்லையும் மோந்துவிட்டு வந்தால் பாதிக் கிறுக்கு இறங்கியிருக்கும்.

அப்புறம் பொட்டலுக்குப் போவோம். நடுவுக்கு அல்ல. ஐம்பது அடி தள்ளி, புங்கமரத்தடியில். நாய்க்குப் பிள்ளைகள் தெரிய வேண்டும், ஆனால் கயிறு விறைக்கக் கூடாது. அந்தத் தூரம்தான் கணக்கு. அய்யன் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். மடியில் அவித்த முட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருப்பார். மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி அய்யனைப் பார்த்தால் ஒரு துண்டு. உட்கார்ந்தால் ஒரு துண்டு. படுத்தால் ரெண்டு. இழுத்தால் ஒன்றும் கிடையாது, கத்துவதும் கிடையாது. எழுந்து பத்தடி பின்னால் கூட்டிப்போய்விடுவார். “நம்ம கத்துனா, அது நம்மளும் சேந்து கொரைக்கறோம்னு நெனைச்சுக்கும்” என்பார். முதல் வாரம் அந்த மரத்தடியைவிட்டு நகரவில்லை. ரெண்டாம் வாரம் பத்தடி முன்னால் போனோம். ஒரு நாள் கிரிக்கெட்டில் யாரோ சிக்ஸர் அடிக்க, மணி கயிறை அறுத்துக்கொள்வது போல் எகிறி, அய்யனை முக்காலியோடு சாய்த்துவிட்டது. எனக்குக் கை துடித்தது. அய்யன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, “அவசரப்பட்டது நாம. பழையபடி மரத்தடிக்குப் போலாம்” என்றார்.

நாயைப் பழக்கினால் மட்டும் போதாது, பிள்ளைகளையும் பழக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தது என் மகள். பிள்ளைகள் எல்லாம் ‘ஸ்டேச்சூ’ ஆடுவார்கள் அல்லவா? யாராவது ‘ஸ்டேச்சூ’ என்றால் சிலையாட்டம் நிற்க வேண்டும். அதையே இதுக்கு வைத்துவிட்டாள். மணி துள்ளிக்கொண்டு கிட்டே வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கையைத் தூக்கக்கூடாது. கையைக் கட்டி, நாயின் கண்ணைப் பார்க்காமல் நிற்க வேண்டும். தாவினால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். ஓடுகிற பிள்ளைதான் நாய்க்குப் பந்து. நிற்கிற பிள்ளை வெறும் மரம். மரத்தோடு எத்தனை நேரம் விளையாடும்? மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தெரியாத நாய் துரத்தினாலும் இதேதான், கீழே விழுந்துவிட்டால் சுருண்டு காதையும் கழுத்தையும் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவரம்மா சொன்னதையும் மகள் எல்லாருக்கும் நடித்துக் காட்டினாள். தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய், மூணையும் தொடக்கூடாது. சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியாக விடக்கூடாது. நல்ல நாய் என்று பேரெடுத்த நாயானாலும் சரி.

இதற்கு நடுவில் ஆகஸ்ட் 11ல் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்ன செய்தி வந்தது. பையன்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு எடுத்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நாயால் பிள்ளையை இழந்தவர்களின் துக்கத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். அப்படிக் கடிபட்டுச் சாகிற பிள்ளைகளில் தெருவில் விளையாடுகிற, தெருவிலேயே தூங்குகிற நம் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள். பங்களாவுக்குள் விளையாடுகிற பிள்ளைக்குச் சுத்துச்சுவர் இருக்கிறது. அதனால்தான் நாய்க்கு ஊசி போடுவதும், கருத்தடை செய்வதும், பழக்குவதும் பணக்காரன் பொழுதுபோக்கு இல்லை, நம்முடைய வேலை என்கிறேன்.

ஒரு நாள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கையில் எனக்கே சிரிப்பு வந்தது. 1990களில் விடுதலைச் சிறுத்தைகளின் ‘அடங்க மறு’ முழக்கத்தைச் சுவத்தில் எழுதினவன் நான். ஒரு நாயை அடக்க இத்தனை பாடா? அய்யனிடம் சொன்னேன். அவருக்கு முழக்கமெல்லாம் தெரியாது. “இது அடக்கறது இல்ல கண்ணு, பழக்கறது. அடக்கறவனுக்குத் தன்னோட வசதிதான் கணக்கு. பழக்கறவனும் சேந்து ஒக்காரோணும்” என்றார். தாவாரத்துக்குக் கீழே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஆளை ஊர் அடக்கமான ஆள் என்றது. அது அடக்கம் இல்லை, பயம். கட்டிலுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மணிக்கும் அதேதான். நான் கோலை ஓங்கினபோது யார் மாதிரி நின்றேன் என்று அய்யன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி. பையன் அழவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “மணிக்கும் ஊசி போட்டீங்களா மாமா? அது அழுவுச்சா?” என்று கேட்டான். சாயங்காலம் அவன் அம்மா வந்து பொட்டல் ஓரம் நின்றாள். அவள் கண் நாயை விட்டு நகரவே இல்லை. மணியைப் பதினைந்து அடி வரைக்கும் கூட்டி வந்திருந்தோம். கயிறு அய்யன் கையில். பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மணி எழுந்து நின்றது, காதை விறைத்தது. பையன் தானாகவே நின்று, ‘ஸ்டேச்சூ’ என்று கத்திக் கையைக் கட்டிக்கொண்டான். மணி அவனைப் பார்த்தது. திரும்பி அய்யனைப் பார்த்தது. உட்கார்ந்தது.

“இன்னும் கயித்த அவுத்துப்போடாதீங்” என்றாள் அந்தம்மா.

“ஆகட்டும் அம்மிணி. இன்னும் மூணு மாசம் போவட்டும்” என்றார் அய்யன்.

அவர் ‘ஆகட்டும்’ சொல்லி நான் கேட்டது அது ரெண்டாவது தடவை. இந்தத் தடவை முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். துண்டு தோளிலேயே கிடந்தது.